தொப்புள் தையலில் டைபாய்டு கிருமியா?

கேள்வி: வயது 41. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்து ஆறு வாரம் ஆகிறது. ஆறிய தொப்புள் தையல் மறுபடி வீங்கிச் சீழ் வடிகிறது. சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டில் ‘சால்மோனெல்லா டைஃபி’ என்ற டைபாய்டு கிருமி வந்திருக்கிறது. காய்ச்சலே இல்லை, விடால் டெஸ்ட்டும் நெகட்டிவ். ரிசல்ட் தப்பாக இருக்குமோ? - வாசகி, சேலம்

பதில்: ரிசல்ட்டை நம்புங்கள். விடால் கிருமியைத் தேடும் டெஸ்ட் அல்ல. ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதத்தைத்தான் அளக்கிறது. அது நெகட்டிவ் என்பதற்காக, சீழில் வளர்ந்த கிருமி இல்லை என்றாகிவிடாது.

டைபாய்டு கிருமி குடலோடு நிற்பதில்லை. ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கும் அங்கிருந்து பித்தத்துக்கும் போகும். பித்தப்பையில் கல் இருந்தால் அதன்மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கும். டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் இப்படிக் கிருமியைச் சுமக்கிறார்கள். பலருக்கு அந்தக் காய்ச்சல் வந்ததே நினைவிருக்காது. ஆபரேஷனில் பை கிழிந்து பித்தம் சிந்தினாலோ, உறையில் போடாமல் சின்னத் துளை வழியே இழுத்து எடுத்தாலோ கிருமி தையல் ஓரத்தில் படும். அபூர்வம்தான், ஆனால் நடப்பதுண்டு.

முதலில் சர்ஜனிடம் போய்ப் புண்ணைத் திறந்து சீழை முழுக்க வெளியேற்றச் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்டில் உள்ளே சீழ்க்கட்டியோ, நழுவி விழுந்த கல்லோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல் கிடந்தால் எந்த மருந்திலும் புண் முழுசாக ஆறாது.

அடுத்தது, கல்ச்சர் ரிப்போர்ட்டின் கீழே உள்ள மருந்துப் பட்டியல். ஜென்டாமைசின், அமிகாசின், செஃபலெக்சின் இவற்றுக்கு நேரே ‘எஸ்’ (சென்சிட்டிவ், அதாவது கிருமி இந்த மருந்துக்கு அடங்கும்) என்று போட்டிருந்தாலும் அவற்றை எடுக்கக் கூடாது. சால்மோனெல்லாவை இவை ஆய்வகத் தட்டில் அடக்கும், நோயாளியிடம் அடக்காது. கிருமி நம் செல்லுக்குள் புகுந்து ஒளிவது இதற்கு முக்கியக் காரணம். சிப்ரோஃப்ளாக்சசினும் நம் நாட்டு டைபாய்டு கிருமியிடம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசி, பிறகு சென்சிட்டிவிட்டி பார்த்து அசித்ரோமைசின் அல்லது கோட்ரைமாக்சசோல் மாத்திரை என்பதே வழக்கமான பாதை. மேலோட்டமான புண் என்றால் சுமார் இரண்டு வாரம். ஆழத்தில் இருந்தால் கூடும்.

இதே கட்டத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. லேப்ராஸ்கோப்பித் தழும்பில் வாரங்கள் கழித்துச் சீழ் வந்தால், சரியாகச் சுத்திகரிக்காத கருவிகளால் வரும் காசநோய் இனக் கிருமிகளும் காரணமாகலாம். அதனால் சிலருக்குக் கல்ச்சரே செய்யாமல் டிபி மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். நீங்கள் கல்ச்சர் செய்தது நல்லதாயிற்று. மறுபடி சீழ் எடுத்தால் பஞ்சுக்குச்சியில் ஒற்றுவதைவிட சிரிஞ்சில் உறிஞ்சி ஸ்டெரைல் டப்பாவில் அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வீண்.

சிகிச்சை முடிந்தபின் மலக் கல்ச்சர் மூன்று முறை செய்துகொள்ளுங்கள். பித்தப்பையை எடுத்த பிறகும் சிலருக்குப் பித்தநாளத்தில் கிருமி தங்கும். கிருமி இல்லை என்று தெரியும்வரை கழிப்பறை போய்வந்ததும், சமையலுக்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் சமரசம் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரையும் புகைப்பழக்கமும் உண்டு. ரத்தத்தில் சால்மோனெல்லா என்று ஏழு நாள் ஊசி போட்டார்கள். நின்ற காய்ச்சல் முதுகுவலியோடு திரும்பிவிட்டது. - வாசகர், மதுரை

பதில்: தயவுசெய்து இதை வெறும் முதுகுவலி என்று விட்டுவிடாதீர்கள். 50 வயதைத் தாண்டியவர்களின் கொழுப்புப் படிந்த பெருந்தமனிச் சுவரில் இந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளும். சுவர் அரித்து, பலூன்போல் உப்பி, வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இன்றே போய், அடுத்த ஆன்டிபயாடிக் போடுமுன் இரண்டு கைகளிலும் தனித்தனியே ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். கூடவே வயிற்றுக்கும் மார்புக்கும் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்). தமனி சரியாக இருந்தால் முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ. தமனியில் பிடித்திருந்தால் ரத்தக்குழாய் சர்ஜன் தேவை, மருந்தும் குறைந்தது ஆறு வாரம். திடீர் வயிற்றுவலி, தலைசுற்றல் வந்தால் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) உள்ள என் மகனுக்கு ஒரு வாரமாகக் கால் எலும்பில் வலி, காய்ச்சல். எக்ஸ்ரே நார்மல். - வாசகி, கூடலூர்

பதில்: எலும்பில் சீழ் பிடித்தாலும் முதல் 10, 14 நாளுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு எலும்பில் சால்மோனெல்லா வருவது மற்றவர்களைவிட அதிகம். ரத்தக் கல்ச்சரும் எம்ஆர்ஐயும் கேளுங்கள். உறுதியானால் நான்கு முதல் ஆறு வாரம் மருந்து. வலி நின்றதும் பாதியில் நிறுத்தாதீர்கள்.