தையில் வெட்டிய சீமைக்கருவேல விறகு ஆனியிலும் புகைகிறது, மழைக்குள் காயுமா?

கேட்டவர் நாகப்பட்டினம் பக்கம். சீமைக்கருவேலத்தை முழுக்கட்டையாகவே வாய்க்கால் கரையில் குவித்து, தார்ப்பாய் போர்த்தியிருக்கிறார். ஆறு மாதம் ஆகியும் காயவில்லை என்கிறார்.

காயும். ஆனால் இந்த வாரமே பிளந்தாக வேண்டும். பட்டையோடு கிடக்கும் உருண்டைக் கட்டைக்குள் இருக்கும் ஈரம் எளிதில் வெளியேறாது. வெட்டுமுனை வழியாகவும் பிளந்த முகம் வழியாகவும்தான் வேகமாகப் போகும். பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை தண்ணீர். அது ஆவியாகி முடியும்வரை அடுப்பின் சூடு அதற்கே செலவாகும். எரியும் கட்டையின் மறுமுனையில் நுரை பொங்கி ‘சீ’ என்று சத்தம் வந்தால் காரணம் இதுதான். புகையும், பாத்திரத்தில் அப்பும் கரியும் அதன் மிச்சம்.

ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, மூன்று அங்குலக் கனத்துக்கு மேல் போகாமல் பிளந்துவிடுங்கள். முடிச்சு உள்ள கட்டைக்கு கோடாலி மட்டும் போதாது, ஆப்பும் சம்மட்டியும் வேண்டும்.

அடுத்தது இடம். டெல்டாவில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நம் களிமண் வெயிலில் வெடித்துக் கிடந்தாலும் அடியில் ஈரம் வைத்திருக்கும். வாய்க்கால் கரை என்றால் சொல்லவே வேண்டாம். தரையில் நேராகப் போட்டால் அடிவரிசை காயாது, கறையானும் ஏறும். மேடான இடத்தில் செங்கல்லை இரண்டு வரிசையாக அரையடி உயரத்துக்கு வைத்து, அதன்மேல் விறகை அட்டியாக அடுக்குங்கள். அட்டியின் அகலம் ஒரு கட்டை நீளம் மட்டும், உயரம் இடுப்பளவு. ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றுதான் இங்கே பெரிய துணை. அட்டியை வடக்குத் தெற்காக நீட்டினால் காற்று வெட்டுமுனைகளில் நேராக மோதி உள்ளே புகுந்து போகும். சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள்.

தார்ப்பாயை எடுத்துவிடுங்கள். பகலில் கிளம்பும் ஆவி இரவில் பாயின் உட்புறம் முத்து முத்தாகப் படிந்து விறகின்மேலேயே சொட்டும்; வெள்ளைப் பூஞ்சை அதனால்தான் வருகிறது. தலைக்கு மட்டும் நாலு கீற்று போதும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

ஒரு துண்டில் சுண்ணாம்பால் குறியிட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை குறையவில்லை என்றால் விறகு தயார். முனையில் வெடிப்பு இருப்பதை மட்டும் நம்பக் கூடாது, பாதி காய்ந்ததும் அது வந்துவிடும். ஒன்றைப் பிளந்து உட்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்தான். காய்ந்த இரண்டு கட்டைகளைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்கும், பச்சை ‘தொப்’ என்று அடங்கிவிடும்.

இந்தக் கனத்தில் சீமைக்கருவேலம் மூன்று நான்கு மாதத்தில் தேறிவிடும், சவுக்கும் ஏறக்குறைய அப்படியே. புளி இன்னும் தாமதமாகும். ஐப்பசி அடைமழைக்கு முன் எல்லாவற்றையும் கொட்டகைக்குள் ஏற்றிவிடுங்கள், அங்கேயும் செங்கல் மேல்தான். சாரல் பட்ட காய்ந்த விறகு இரண்டு நாளில் தெளிந்துவிடும். பச்சையாக உள்ளே போனது தைவரை அப்படியே கிடக்கும்.