மாத்திரை போட்டால் பாட்டு நின்றுவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 27. கோவையில் ஐடி வேலை. ஒரு வருடமாக எதிலும் பிடிப்பில்லை; தூக்கமும் இல்லை. மனநல மருத்துவர் டிப்ரஷன் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். பத்து நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். இந்த ஒரு வருடத்தில்தான் கிட்டாரை எடுத்து நானே பாட்டு எழுத ஆரம்பித்தேன். எழுதும் நேரம் மட்டும் மனசு லேசாகிறது. மாத்திரையால் துக்கம் போனால் கூடவே பாட்டும் போய்விடுமோ என்று பயம். பாட்டே மருந்தாக இருக்கும்போது மாத்திரை எதற்கு? நேற்று எழுதிய பாட்டை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

பாட்டைக் கேட்டேன். "விடியாத ராத்திரி ஒண்ணு வேணும்" என்ற வரியைப் பற்றி முதலில் கேட்டுவிடுகிறேன். சந்தத்துக்காக வந்த வரி என்றால் சரி. உங்களுக்கே அப்படித் தோன்றுகிறது என்றால் இந்தப் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்லுங்கள், அல்லது 14416-க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

இனி உங்கள் கேள்வி. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில், நாலு டிராக் கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடிப் பதிவு செய்தார். பெரும்பாலும் கிட்டார், மௌத் ஆர்கன், குரல், அவ்வளவுதான். குழுவினருக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரி அது. உறைகூட இல்லாமல் அந்தக் கேசட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைந்தார். ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தால் கேசட்டில் இருந்தது அங்கே வரவில்லை. கடைசியில் அந்தப் படுக்கையறைப் பதிவே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அதே வருடம் செப்டம்பரில் ஆல்பமாக வந்தது.

இதுவரை கதை உங்கள் பக்கம்தான். ஆனால் அவ்வளவு நல்ல பாட்டுகளை எழுதியும் அவர் மனசு தேறவில்லை. ஆல்பம் முடிந்தபின் காரில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பியவர் வழியிலேயே நிலைகுலைந்து போனார். மேனேஜர் ஜான் லாண்டாவ் சொல்லித்தான் சிகிச்சைக்குப் போனார். அப்புறம் பாட்டு நின்றதா? 1984-ல் வந்த 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.'தான் அவருடைய ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. அறுபது வயதுக்கு மேல் டிப்ரஷன் திரும்பி வந்து படுத்தியதையும், பல வருடங்களாக மாத்திரை எடுத்துக்கொள்வதையும் 2016-ல் வந்த சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். அதற்குப் பிறகு 2019-லும் 2020-லும் புதுப் பாட்டுகளோடு ஆல்பங்கள் வந்தன. துக்கம் தீர்ந்தால் கலை வற்றிவிடும் என்பது, என்னைக் கேட்டால், கலைஞர்களைவிட ரசிகர்களுக்குப் பிடித்த கதை.

சில மாத்திரைகள் சிலருக்கு மனசை மரத்துப்போகச் செய்வது உண்மைதான். அப்படியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரை தருவார். நீங்களாக நிறுத்தக் கூடாது. அதுவும் இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் பக்கவிளைவு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பாட்டையும் விட வேண்டாம். ஃபின்லாந்தில் டிப்ரஷன் உள்ள 79 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடவே 20 அமர்வுகள் இசை. சிகிச்சையாளரிடமும் நோயாளியிடமும் ஒரே மாதிரி வாத்தியங்கள். தோன்றியதை வாசித்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவார்கள். மூன்று மாதத்தில் இவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். இசை நின்றபின் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. அதாவது இசை சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது, ஆனால் சிகிச்சையின் இடத்தில் அதை வைக்க முடியாது.

இன்னொன்று, அங்கே எதிரில் ஓர் ஆள் இருந்தார். நம் ஊர் ஒப்பாரியிலும் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். (டிப்ரஷனும் சாவுத் துக்கமும் ஒன்றல்ல, தெரியும்.) நீங்கள் ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் உங்கள் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்பவராக இருந்தால், அந்தப் பழக்கத்தை விடுங்கள். மனசு அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். எழுதுங்கள், முடியுங்கள், யாராவது ஒருவரிடம் பாடிக் காட்டுங்கள்.

வார்த்தையே வராத நாட்கள் இருக்கும். அன்றைக்கு வெறும் தத்தகாரம் போதும். "தன்னன்ன தானன்ன" என்று மெட்டை மட்டும் போனில் பதிந்து வையுங்கள். சினிமாவிலும் மெட்டு பெரும்பாலும் அப்படித்தான் பாட்டெழுதுபவர் கைக்கு வருகிறது. குரல் எழும்பாவிட்டால் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். மாத்திரை தொடங்கியபின் பாட்டு மாறுகிறதா என்று உங்களுக்கே சந்தேகம் என்றால், ஒவ்வொரு பதிவிலும் தேதியைச் சொல்லிவிட்டுப் பாடுங்கள். பிறகு வரிசையாகப் போட்டுப் பார்த்து நீங்களே முடிவுக்கு வரலாம்.

உங்கள் பாட்டில் இரண்டாவது சரணம் நன்றாக வந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரும் இடத்தில் மெட்டு தானாக மேலே ஏறுகிறது. முதல் சரணம் அவ்வளவு நீளம் வேண்டாம். கடைசி நாலு வரியை வெட்டிவிடலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அடுத்ததை அனுப்புங்கள்.

அன்புடன்.