மனைவிக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும், குழந்தைக்குத் தொட்டில், கொசுவலை, டயப்பர், பேபி சோப், பவுடர் வாங்கிவிட்டேன், இன்னும் என்னென்ன வாங்க வேண்டும்?

தம்பி, தொட்டில், கொசுவலை, டயப்பர், பேபி சோப், பவுடர் என்று குழந்தைக்கு வாங்கியதையெல்லாம் கேள்வியிலேயே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். பெறப்போகிறவளுக்கு என்று அதில் ஒரு சாமானைக்கூடக் காணோம். அதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிறந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்களில் வேண்டியது தாய்ப்பாலும், அம்மாவின் உடம்புச் சூடும், சுத்தமான துணியும்தான். தாய் தெம்பாக இருந்தால் இதெல்லாம் தானாக நடக்கும். அதனால் பையில் பாதிக்கு மேல் உங்கள் மனைவியின் சாமான் இருக்கட்டும்.

முன்பக்கம் ஜிப் வைத்த, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி நைட்டிகள். பெரிய அளவு நாப்கின் தாராளமாக. வழக்கமாகப் போடுவதைவிட ஒரு அளவு பெரிய, இடுப்புக்கு மேலே ஏறி நிற்கிற உள்ளாடை. ஆபரேஷன் ஆகிவிட்டால் சாதாரண உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாகத் தையல் மேலேயே உட்கார்ந்து அறுக்கும். வழுக்காத செருப்பு, துண்டு, பழைய பருத்திப் புடவைத் துணி. இருமினாலும் தும்மினாலும் தையலில் சுண்டி இழுக்கும், அப்போது வயிற்றோடு அணைத்துப் பிடிக்க ஒரு சின்னத் தலையணை. அப்புறம் நல்ல பிளாஸ்க் ஒன்றும், படுத்தபடி உறிஞ்சிக் குடிக்க வளைகிற ஸ்ட்ராவும். இந்தக் கடைசி இரண்டையும் மறக்கவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

என் தலைப்பிரசவம் தொண்ணூறுகளில். சுகப்பிரசவம்தான், தையல் போட்டிருந்தார்கள். அருப்புக்கோட்டை பக்கம் கிராமத்தில் அம்மா வீட்டில் படுத்திருந்தேன். நல்ல சித்திரை வெயில். "தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும், புண்ணு ஆறாது, பிள்ளைக்குச் சளி கட்டும்" என்று சொல்லி, சோற்றுக்கு முன்னால் ஒரு வாய் வெந்நீர், மருந்து உருண்டைக்கு மேல் ஒரு வாய் வெந்நீர், அவ்வளவுதான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் பானையில் தண்ணீர் இருக்கும், எனக்குத் தர மாட்டார்கள். மலம் இறுகி, போய்விட்டு வரும்போதெல்லாம் தையல் கிழிந்ததோ என்று உயிர் போகும். சிறுநீர் கழித்தால் எரிச்சல், பிறகு குளிர்காய்ச்சல். வீட்டுக்கு வந்த கிராம நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொதித்துப்போனார். அவர் கையாலேயே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, என் பெரியம்மாவை உட்காரவைத்துப் பேசினார். பெரியம்மா கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் மாமியார் செய்ததை எனக்குச் செய்தார். ஆனால் அந்தத் தாகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

என் மகளுக்கு மதுரையில் சிசேரியன் ஆனபோது சம்பந்தி வீட்டிலிருந்து அதே பேச்சு வந்தது. நான் விடவில்லை. முதலில் எப்போது குடிக்கலாம் என்பதை மட்டும் டாக்டர் சொன்னபடி கேட்டேன். அதன்பிறகு தாகம் எடுத்தபோதெல்லாம் காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுத்தேன். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகமாகவே எடுக்கும். ஆபரேஷன் ஆனவள் தண்ணீரும் இல்லாமல் நடமாட்டமும் இல்லாமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்கிற அபாயம் வேறு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள் என்றால் சண்டை போடாதீர்கள். டிஸ்சார்ஜ் அன்று எல்லோரும் நிற்கும்போது, "இவள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், என்னென்ன சாப்பிடலாம்" என்று டாக்டரிடமே கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். டாக்டர் வாயால் வந்த பிறகு யாரும் மறுபேச்சு பேசவில்லை.

பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று யாராவது கீழே வந்து எழுதுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் என் கையால்தான் மகளுக்குச் செய்து கொடுத்தேன். பத்தியச் சாப்பாட்டில் நல்லது நிறைய இருக்கிறது. பசியோடும் தாகத்தோடும் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பழம், காய், பருப்பு, முட்டை எதையும் நிறுத்த வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளை பிறந்ததும் எல்லோரும் மறந்துபோவது அந்த மாத்திரையைத்தான். அதை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகள் எழுந்து உட்கார முடியாமல் கிடந்த அறையில் வைத்தே, பிள்ளைக்கு எத்தனை பவுன் செயின், அரைஞாண் தங்கமா வெள்ளியா என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். வளைகாப்புச் செலவு எங்களுக்கு, ஆஸ்பத்திரி பில்லும் எங்களுக்கு, அதற்கு மேல் பவுனும் எங்களுக்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று வைத்தது பெண்ணுக்கு அம்மாவின் கை வேண்டும் என்பதற்காக. அதைப் பெண்ணைப் பெற்றவன் தலையில் கட்டுகிற பில்லாக மாற்றிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்த வருடம் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்துத்தான் சமாளித்தார். நீங்கள் கேட்கவில்லைதான். ஆனாலும் மாமனாரிடம் போய், "பாதிச் செலவு என்னுடையது" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மனைவிக்கு எந்த லேகியமும் கொடுக்காத தெம்பு அதில் வரும்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் முடிச்சுப் போடுகிற பருத்திச் சட்டை, தொப்பி, காலுறை, கோவணத்துணி நிறைய. புதுத்துணி எதுவானாலும் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகுதான் போட வேண்டும். சின்ன அளவில் அதிகம் வாங்காதீர்கள், சீக்கிரம் பற்றாமல் போகும். பவுடரைத் தூக்கி உள்ளே வையுங்கள், அது மூச்சில் போகும். கண்மை வேண்டாம். பிறந்ததும் நாக்கில் சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது. தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கொடுக்க விட்டால் போதும். தொப்புள்கொடியில் எண்ணெயோ மஞ்சளோ வைக்காமல் உலர்வாக விடுங்கள், தானே விழும். மூக்கில் எண்ணெய் விடுவது, நாக்கில் வசம்பு தேய்ப்பது, முகத்துக்கு நேரே சாம்பிராணி போடுவது எல்லாம் வேண்டாம்.

முதல் சில நாளில் பிள்ளை கொஞ்சம் எடை குறையும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையாமல், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட்டால் கவலை இல்லை. "பால் பத்தலை" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்வார்கள், உடனே பால்பவுடர் டப்பா வாங்கப் போய்விடாதீர்கள். ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறது, எடையும் ஏறுகிறது என்றால் பால் பத்துகிறது. பிள்ளை உடம்பில் மஞ்சள் காமாலை, பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்குவது, உடம்பு சுடுவது, சில்லிட்டுப்போவது, இதெல்லாமும் விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயம் இல்லை.

தாய்க்கும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், விடாத தலைவலியோடு கண் மங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் ஏறலாம், எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. காரணமில்லாமல் அழுவது முதல் சில நாளில் நிறையப் பேருக்கு உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம். "பிள்ளை பெத்தவ அழக் கூடாது" என்று வாயை அடைக்க யாரையும் விடாதீர்கள்.

ஃபைலை இன்றைக்கே தயார் செய்யுங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இருவர் ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். தனியாரில் காட்டுகிறவர்கள் பலர் பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்காமல் விட்டுவிட்டு, பிறப்புச் சான்றிதழுக்கு அலைகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேட்டால் பதிந்து தருவார். தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய்க்கு உதவி உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்றும் அவரிடமே விசாரியுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். ஜோசியர் எழுத்துச் சொல்லவில்லை, பெயர் முடிவாகவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பெயர் இல்லாமலே பதியலாம், ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.