85 குதிரை கான்டெஸாவும் 402 மீட்டரும்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அப்பா வாங்கிய 1994-ம் வருஷத்து கான்டெஸா கிளாசிக், 1.8 பெட்ரோல், நாலைந்து வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. சரிசெய்து டிராக் ரேஸில், அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் 402 மீட்டர் ஓடும் பந்தயத்தில், ஓட்ட ஆசை. பழக்கமான மெக்கானிக் டர்போ டீசல் எஞ்சின் மாற்றிப் போடலாம் என்கிறார். நண்பர் நைட்ரஸ் (எஞ்சினுக்குள் செலுத்தித் திறனைக் கூட்டும் வாயு) போடு என்கிறார். கையில் ஒன்றரை லட்ச ரூபாய் இருக்கிறது. குடும்பத்தோடு வெளியூர் போகவும் அதே கார்தான் வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?”

தம்பி, எஞ்சினை மாற்றாதீர்கள். நைட்ரஸும் வேண்டாம். நீங்கள் மிச்சம் பிடிக்க வேண்டிய நேரம் எடை மேடையிலும் ஓட்டத்தின் முதல் 18 மீட்டரிலும் இருக்கிறது. அங்கே எடுக்க வேண்டியதை எடுத்து முடித்த பிறகு எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் கான்டெஸாவைக் கொண்டுவந்தபோது உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டருடையது, எஞ்சின் அம்பாசடரில் இருந்த பழைய 1.5 லிட்டர். அந்தக் கனத்தை இழுக்க அது போதவில்லை. பிறகு வந்த இசுஸு 1,817 சிசி எஞ்சின்தான் காருக்கு உயிர் கொடுத்தது. சுமார் 85 குதிரைத்திறன், ஐந்து கியர், பின்சக்கர இழுவை. நீண்ட மூக்கும் பின்சக்கர இழுவையும் கொண்ட இந்திய கார் வேறு எத்தனை இருக்கிறது? 2002-இல் தயாரிப்பும் நின்றுபோனது. சொந்த எஞ்சினோடு இருக்கும் கான்டெஸா குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் அப்பாவின் காரை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடாதீர்கள்.

டீசல் எஞ்சின் போட்டால் அதோடு கியர்பாக்ஸ், மவுண்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) நீளம், ரேடியேட்டர், வயரிங் எல்லாம் மாறும். கார் நகர்வதற்கு முன்பே ஒன்றரை லட்சம் கரைந்துவிடும். கனமான டீசல் எஞ்சின் மூக்கில் உட்கார்ந்தால் மொத்த எடையில் பின்சக்கரத்தின் மேல் விழும் பங்கு குறையும், அது டிராக்குக்கு நேர் எதிரி. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. முன் அனுமதி வேண்டும். விதி மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. நைட்ரஸ் விஷயத்தில் ஒன்று சொன்னால் போதும்: முப்பது வயதான பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் அந்த அடியைத் தாங்கும் என்று யாராலும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு டிராக் உலகில் வெகுகாலமாகப் புழங்கும் ஒரு சூத்திரம் உண்டு. கிலோவுக்கு மாற்றிச் சொன்னால்: காரும் டிரைவரும் சேர்ந்த எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை எடுத்து, 7.58-ஆல் பெருக்குங்கள். கார் 1,200 கிலோ, நீங்கள் 75 கிலோ, எஞ்சின் 85 குதிரை என்று வைத்தால் 18.7 விநாடி வரும். எஞ்சினைத் தொடாமல் 150 கிலோவை மட்டும் குறைத்தால் 17.9. எடையைத் தொடாமல் எஞ்சினை 100 குதிரைக்கு ஏற்றினால் 17.7. இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 விநாடிதான். ஆனால் 15 குதிரை ஏற்ற ஹெட் வேலை, கேம், எக்ஸாஸ்ட் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். 150 கிலோ இறக்க ஸ்பேனர் செட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். சூத்திரம் தோராயமானது, பழைய எஞ்சின் 85 குதிரையை முழுசாகத் தராது, உண்மையான நேரம் இதைவிடக் கூடத்தான் வரும். எந்தத் திசையில் உழைக்க வேண்டும் என்பதை மட்டும் அது சரியாகக் காட்டும்.

அதனால் முதல் வேலையாகக் கப்பலூர் பக்கம் சாலையோர எடை மேடை ஒன்றுக்குக் காரைக் கொண்டுபோங்கள். நீங்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி, முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு சீட்டு, பிறகு முழு காருக்கு ஒரு சீட்டு, கடைசியாகப் பின்சக்கரங்களுக்கு மட்டும் ஒன்று. மேடையும் அதற்கு ஏறும் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முன்பின் கணக்கு தப்பாக வரும். லாரிக்கான மேடை என்பதால் ஐந்து பத்து கிலோ முன்னே பின்னே காட்டலாம், பரவாயில்லை. டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதையும் சீட்டின் பின்னால் எழுதிவையுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. 40 லிட்டரை இறக்கினால் 30 கிலோ போச்சு.

எதைக் கழற்றுவது என்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றைத்தான் எல்லோரும் முதலில் தூக்கிப் போடுவார்கள். பின்சக்கர இழுவை காரில் அவை பின்பக்கத்தை அழுத்தும் எடை. முதலில் மூக்கைப் பாருங்கள்: ஏசி கம்ப்ரசர், கண்டென்சர், அவற்றின் பைப்புகள், ஹாரன்கள், பம்பருக்குப் பின்னால் யாரோ எப்போதோ வைத்து வெல்டு அடித்த இரும்பு. பேட்டரியை டிக்கியில் வலதுபக்கச் சக்கரத்துக்கு மேலே மாற்றுங்கள். அதை மூடிய பெட்டியில் போல்ட் போட்டு இறுக்கி, வெளியிலிருந்து கரண்ட்டை அணைக்கும் சுவிட்ச் ஒன்றும் வையுங்கள். இப்படி நகர்த்தினால் மூக்கில் குறைந்த பேட்டரியின் எடை பின்னால் பிடிமானமாகச் சேரும். கழற்றும் எதையும் அறுக்காதீர்கள். போல்ட்டைப் பொட்டலத்தில் போட்டு, எங்கே இருந்தது என்று எழுதி வைத்தால்தான் தீபாவளிக்கு ஏசியோடு ஊருக்குப் போக முடியும்.

வலதுபக்கம் என்று ஏன் சொன்னேன்? கான்டெஸாவுக்குப் பின்னால் இரு சக்கரமும் ஒரே ஹவுசிங்கில் இருக்கும் லைவ் ஆக்சில். கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும் திசை அந்த ஹவுசிங்கையே முறுக்கப் பார்க்கும். இடது பின்சக்கரம் தரையில் அழுந்தும், வலது சக்கரம் லேசாகும். இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், லேசான சக்கரம் தாங்கும் அளவுக்குத்தான் இரண்டு பக்கமும் விசையைக் கொடுக்கும். வலது சக்கரம் புகை கிளப்பும்; கார் நின்ற இடத்திலேயே இருக்கும். நம் நாட்டில் டிரைவர் வலதுபக்கம் உட்காருவது இந்த இடத்தில் நமக்கு லாபம். பேட்டரியையும் அந்தப் பக்கமே வைத்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் புஷ்ஷுகள் முப்பது வருஷத்தில் நொந்திருக்கும், அவற்றைப் புதிதாகப் போடுங்கள். புஷ் ஆடினால் கிளம்பும்போது பின்பக்கம் தடதடவென்று குதிக்கும். அந்தக் குதிப்பில் நேரமும் போகும், ஒரு நாள் கிராஸும் (புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு) போகும்.

கிராஸ் என்றதும் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன்பக்க கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி, ஓடும் காரையே தூக்கிவிடும். முன்பக்க ஜாயின்டுக்குச் சற்றுப் பின்னால் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கனமான இரும்புப் பட்டையில் ஒரு வளையம் போட்டு, அண்டர்பாடியில் போல்ட் அடிக்க வேண்டும். கே.புதூர் அல்லது கப்பலூர் தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் அரை நாளில் செய்து தருவார்கள். வேறு எதை ஒத்திப்போட்டாலும் இதை ஒத்திப்போடக் கூடாது. குடும்பத்தோடு ஓட்டும்போதும் அது அங்கேயே இருக்கட்டும்.

இப்போது எஞ்சின். நின்றிருந்த கார் என்பதால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி கிராங்க் செய்து அளவு எடுங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் கீழே இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ.

அடுத்தது காசே ஆகாத சோதனை. எஞ்சின் ஆஃப். ஏர்ஃபில்டரைக் கழற்றி டார்ச் அடித்துக் கார்புரேட்டருக்குள் பாருங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரையோடு மிதிக்கட்டும். காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பட்டர்ஃபிளை தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். பழைய கார்களில் கேபிள் தளர்ந்தோ, தடித்த மிதியடி குறுக்கே நின்றோ முக்கால்தான் திறக்கும். இது தெரியாமல் கேம் மாற்றப் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். உங்கள் காரின் பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல; ஊறிப் பிளந்து எஞ்சின் மேலேயே சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். இந்தப் பெட்ரோலுக்குக் காற்றோடு ஒப்பிட்டால் அளவு கூடுதலாக வேண்டும் என்பதால் மெயின் ஜெட்டையும் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: எத்தனால் நாக்கிங்கை (சிலிண்டருக்குள் எரிபொருள் தானாக வெடித்துத் தட்டுவது) தள்ளிப்போடும், அதனால் டைமிங்கை, அதாவது பிளக் பொறி தட்டும் நேரத்தை, கொஞ்சம் முன்னால் நகர்த்த இடம் கிடைக்கும். டைமிங் லைட் வைத்துச் செய்யுங்கள், காதை நம்பி வேண்டாம்.

காற்றுக்கும் பங்கு உண்டு. சித்திரைத் திருவிழா நேரத்து 40 டிகிரியில், 25 டிகிரி காற்றைவிட ஐந்து சதவீதம் அடர்த்தி குறைவு. 85 குதிரையில் அது நான்கு குதிரை. மூக்கின் கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஏர்ஃபில்டர் வரை ஒரு ஹோஸ் இழுத்து வெளிக்காற்றைக் கொடுங்கள். பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை அது குடிக்கக் கூடாது. கோயம்புத்தூர் நம் மதுரையைவிட ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் என்பதால் அங்கே காற்று இன்னும் மூன்று சதவீதம் மெலிசு. இங்கே செட் செய்த ஜெட் அங்கே சற்று ரிச்சாக, அதாவது காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலாக, தெரியலாம்.

பணத்தை எதில் போடுவது என்றால், என் கணக்கில் பாதிக்கு மேல் டயர், பிரேக், கிளட்ச்சுக்கே. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் பாருங்கள், 2318 என்றால் 2018-ம் வருஷத்து 23-வது வாரம். தடம் எவ்வளவு இருந்தாலும் அந்த வயதில் ரப்பர் கல்லாகியிருக்கும். பின்னால் இரண்டு புது ரேடியல் போட்டாலே முதல் 18 மீட்டரில் தெரியும். அங்கே மிச்சம் பிடிக்கும் 0.1 விநாடி, 402 மீட்டர் முடிவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே திரும்ப வரும். முடிவுக் கோட்டை நீங்கள் மணிக்கு 115 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் கடப்பீர்கள். நின்றுகிடந்த காரின் வீல் சிலிண்டரும் பிரேக் ஹோஸும் அந்த வேகத்துக்குத் தயாரா என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ரிங் ரோடு வேண்டாம், நத்தம் சாலைப் பறக்கும் பாலமும் வேண்டாம். சாலையில் பந்தயம் ஓட்டினால் 189-வது பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சைக்கிளில் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் போகும் சாலைகள் அவை. மதுரையில் டிராக் ஸ்ட்ரிப் கிடையாது. கோவை செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை என்று நம் மாநிலத்தில் ஓடுதளங்கள் இருக்கின்றன. இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அனுமதி பெற்ற போட்டி எங்கே நடக்கிறது என்று பார்த்து, அவர்களிடமே லைசென்ஸ் எடுத்து, அந்தப் போட்டியின் விதிப் புத்தகத்தை வாசித்த பிறகு வேலையை முடிவு செய்யுங்கள். ஹெல்மெட், பெல்ட், தீயணைப்பான் எல்லாம் அதில் இருக்கும். 15 வருஷம் தாண்டிய கார் என்பதால் ஆர்.சி. புதுப்பிப்பு நடப்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் பந்தயத்தில் ஆகும் சேதத்துக்குப் பணம் தராது. காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிப் போவது நல்லது.

களத்தில், நீங்கள் தொடக்கக் கோட்டுக்கு வந்துவிட்டதைக் காட்டும் ஸ்டேஜ் விளக்கு எரிந்ததும் நின்றுவிடுங்கள், அங்குலம்கூட முன்னால் போகாதீர்கள். முன்சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கதிரை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும், அந்தச் சிறு ஓட்டம் உங்களுக்கு இலவசம். 2,500 ஆர்.பி.எம்.மில் கிளட்ச்சை விட்டுப் பழகுங்கள். சக்கரம் சுற்றாவிட்டால் அடுத்த ஓட்டத்தில் 250 ஏற்றுங்கள். டாக்கோமீட்டர் சரியாகக் காட்டவில்லை என்றால் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 5,000-ஐத் தாண்டி இழுவை தளரும் இடத்தில் கியரை மாற்றுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான்: டயர் காற்று என்றால் டயர் காற்று மட்டும்.

கம்ப்ரஷன் அளவு நான்கையும் எடை மேடைச் சீட்டு மூன்றையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. ஜெட் அளவையும் டைமிங்கையும் அதைப் பார்த்துச் சொல்கிறேன்.