ஆழ்கடல் நீரோட்ட அளவீடுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வியைப் பார்த்தால் ஆராய்ச்சி மாணவர் போலத் தெரிகிறீர்கள். யாரோ ஒரு கரன்ட் மீட்டர் (நீரோட்டத்தை அளக்கும் கருவி) கோப்பைக் கையில் திணித்து, "இதை வச்சு ஒரு அத்தியாயம் எழுது" என்றிருப்பார்கள். அப்படியானால் வேகத்தைப் பார்க்கும் முன் அழுத்தப் பதிவைத் திறங்கள். கருவி உண்மையில் எந்த ஆழத்தில் இருந்தது என்று அதுதான் சொல்லும். அது இல்லையென்றால், கோப்பில் ஆழம் என்று போட்டிருக்கும் எண்ணை நான் நம்பமாட்டேன்.

நான் பேராசிரியர் இல்லை. கப்பலில் மூரிங் (கடலில் நங்கூரமிட்டு நிறுத்தும் கருவித் தொடர்) இறக்கி ஏற்றும் வேலையில் இருந்தவன். "டெக்னீஷியனுக்கு என்ன தெரியும்" என்று கமெண்டில் வரப்போகிறவர்கள் இதையும் படித்துவிட்டு வாருங்கள்.

இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுப் பக்கம் ஒரு மூரிங். அடியில் நங்கூரம், உச்சியில் மிதவை, இடையில் பல கிலோமீட்டர் கம்பியும் கயிறும், அதில் கருவிகள். ஓராண்டுக்குப் பின் ஒலிக் கட்டளை அனுப்பி, நங்கூரத்தைக் கழற்றிவிட்டு மற்றதை மேலே எடுத்தோம். தரவைப் பார்த்ததும் ஒரே பரபரப்பு. மேலே இருந்த டாப்ளர் கருவி (ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து வேகம் அளப்பது) ஓட்டம் வலுத்ததாகக் காட்டிய அதே நாட்களில், கீழ்க் கருவி ஓட்டம் தளர்ந்ததாகச் சொன்னது. இரவுச் சாப்பாட்டுக்குள் ஆளுக்கொரு கோட்பாடு தயார். நான் அழுத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். அந்த நாட்களில் மட்டும் கீழ்க் கருவி நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. வலுத்த ஓட்டம் மூரிங்கையே சாய்த்துவிட்டது. கருவி அளந்தது கீழே இருந்த வேறு தண்ணீரை! சாப்பாட்டு மேசையில் அதன்பிறகு பேச்சில்லை.

ஓட்டத்தில் சுற்றும் ரோட்டரை வைத்து வேகம் அளக்கும் பழைய கருவி என்றால் இன்னொரு வம்பு. நொடிக்கு 2 செ.மீ. அளவுக்குக் கீழே ரோட்டர் சுற்றாது. ஆழத்தில் ஓட்டமே பல நாள் அவ்வளவுதான். டாப்ளருக்கோ ஒலியைத் திருப்பி அனுப்பத் தண்ணீரில் துகள் வேண்டும். ஆழத்தில் அது குறைவு.

கருவி சரியாக இருந்தாலும் எத்தனை முறை அளந்தார்கள் என்பது இருக்கிறது. 2005இல் கடலியலாளர் பிரைடனின் குழு, 1957 முதல் 2004 வரை ஐந்தே கப்பல் பயணங்களை வைத்து, அட்லாண்டிக் சுழற்சி (மேல்நீர் வடக்கே போய், ஆழத்தில் தெற்கே திரும்பும் ஓட்டம்) சுமார் 30% குறைந்துவிட்டது என்றது. அந்தச் சுழற்சியை இடைவிடாமல் அளக்க 2004இல் அட்லாண்டிக்கில் 26.5° வடக்கில் நிறுத்திய ரேபிட் மூரிங் வரிசையின் முதல் ஆண்டுப் பதிவு பிறகு வந்தது. ஒரே ஆண்டுக்குள் சுழற்சி நொடிக்கு 40 லட்சம் கன மீட்டரிலிருந்து சுமார் 350 லட்சம் வரை ஏறி இறங்கியிருந்தது. ஐந்து பயணங்களில் கண்ட வித்தியாசம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பிரைடனைக் குறை சொல்லவில்லை. அந்த ரேபிட் குழுவில் அவரும் இருந்தார். பருவநிலை மாற்றமே பொய் என்று நான் சொன்னதாக ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள்.

சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. என் வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். கடலில் இருக்கும்போதே காலாவதியாகி, அந்த நாட்களுக்குச் சம்பளம் இழுத்தடிக்கப்பட்டது உண்டு. வீட்டுக்கடன் கேட்டுப் போனால் வங்கியில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. மூரிங் சாய்ந்த விஷயம் கட்டுரையாக வந்தது. என் பெயர் நன்றியுரையில்கூட இல்லை.

கோப்போடு கப்பல் தளப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். இறக்கிய நேரம், கம்பி நீளம், கருவி மேலே வந்தபோது ரோட்டரில் எது சிக்கியிருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எழுதியவர் பெயரும் இருக்கும்.