பிள்ளை தன்பாலீர்ப்பு உடையவர் எனத் தெரிந்தால் நெல்லையில் ஆதரவு எங்கே கிடைக்கும்?

பாளையங்கோட்டையில் வசிக்கும் ஒரு தாய், தம் 17 வயது மகன் தன்பாலீர்ப்பு உடையவன் என்று சொல்லிவிட்டதால் யாரிடம் உதவி கேட்பது என்று வினவியிருக்கிறார்.

அம்மா, மந்திரித்துக் கயிறு கட்டத் தயவுசெய்து அழைத்துச் செல்லாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பையன், அப்படிக் கட்டிய கறுப்புக் கயிற்றை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தபடியே பள்ளிக்குப் போய்வந்ததையும், வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்டதையும் நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். மாற்றிவிடுவதாகச் சொல்லும் மருத்துவர்களும் வேண்டாம். 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னர், அத்தகைய சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார்.

மனம் கனக்கும் நேரத்தில், அது நள்ளிரவாயினும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நீங்களும் அவனும் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். அவன் 18 வயதுக்கு உட்பட்டவன் என்பதால், மிரட்டலோ அடி உதையோ நேர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். நேரில் பார்க்க விரும்பினால் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. தன்பாலீர்ப்பு உடையோருக்குத் துணைநிற்கும், சென்னையைச் சேர்ந்த ஓரினம் அமைப்பு, பெற்றோருக்கான செய்திகளைத் தமிழிலும் தருகிறது. உங்களைப் போன்ற பிற பெற்றோரின் சொற்களை அங்கிருந்தே படிக்கத் தொடங்குங்கள் என்பேன். திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளின் குடும்பத்தார், அவர்களுக்கென 2008இல் தமிழக அரசு தொடங்கிய நலவாரியம் குறித்து மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்கலாம்.