கிராம்பும் அல்ல, புளியாரையும் அல்ல

கேள்வி: எங்கள் மேய்ச்சல் நிலத்தில் கிக்குயூ புல்லுக்கு நடுவே மூன்று இலைகளோடு ஒரு செடி படர்கிறது. குளோவர் என்கிறார்கள். கைப்பேசியில் தேடினால் கிராம்பு என்று வருகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் புளியாரை என்கிறார். கறவை மாடுகளை மேயவிடலாமா?
– விவசாயி, கோத்தகிரி

பதில்: கைப்பேசி சொன்னதை மறந்துவிடுங்கள். கிராம்பின் ஆங்கிலப் பெயர் ‘குளோவ்’. ஆணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காய்ந்த மொட்டும் ஆணி போலத்தானே இருக்கிறது! குளோவர் வேறு செடி, வேறு சொல். அதன் தாவரவியல் பெயர் டிரைஃபோலியம். மூவிலை என்று பொருள். வெள்ளைக் குளோவருக்கு ‘ரீபென்ஸ்’ என்ற அடைமொழியும் உண்டு. தரையில் ஊர்ந்து படர்வது என்று அர்த்தம்.

மூவிலை என்ற அடையாளத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். புளியாரைக்கும் மூன்று இலைதான். ஆனால் அதன் ஒவ்வொரு இலையும் நுனியில் பிளந்து இதயம் போல இருக்கும். கிள்ளி வாயில் வைத்தால் புளிக்கும். பூவுக்கு ஐந்து இதழ். குளோவர் இலை முட்டை வடிவம், பெரும்பாலும் நடுவே வெளிறிய பிறைக்கோடு. பூ, சிறு அவரைப்பூக்கள் பல சேர்ந்த வெள்ளை உருண்டை.

இன்னும் ஐயம் இருந்தால், ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். குளோவராக இருந்தால் கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அங்கேதான் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. குதிரை மசால் என்ற தீவனப் பயிரைப் போலக் குளோவரும் பயறு வகைக் குடும்பம்; புரதம் மிகுந்த தீவனம். உங்கள் குளிருக்கு நன்றாக வரும். சமவெளியில் இருக்கும் உறவினர் விதை கேட்டால் கொடுக்காதீர்கள், அந்த வெயிலில் நிற்காது. அவர்களுக்குக் குதிரை மசாலே சரி.

மேயவிடலாம், ஆனால் கவனம் வேண்டும். பசியோடு இருக்கும் மாட்டைப் பனி ஈரம் காயாத குளோவரில் ஒருபோதும் அவிழ்த்துவிடாதீர்கள். முதலில் உலர்ந்த புல்லோ வைக்கோலோ தின்னட்டும். பனி உலர்ந்த பிறகு சிறிது நேரம் மட்டும் மேயவிட்டு, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். புல்லைவிடக் குளோவர் மிஞ்சினால் ஆபத்தும் மிகும். இளங்குளோவர் இரைப்பையில் நுரைத்து, வாயு வெளியேற முடியாமல் அடைபடும். இடது விலாப்பக்கம் மேளம் போல வீங்கினால் உடனே மேய்ச்சலை நிறுத்தி, மாட்டின் முன்கால்கள் மேடான இடத்தில் இருக்கும்படி நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும்.